ஆற்று மணலில் உட்கார்ந்தவர்

குடுபல்லிக்குப் பக்கத்தில் ஒரு கல் குவாரியில் வெடி வைக்கப்போவதாகச் சங்கு ஊதியதும் எல்லோரும் ஓடினார்கள். மேடம் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

அவருக்கு எதிரே ஒரு தொழிலாளி குந்தியிருந்தார். பாறை விழுந்து நசுங்கியதில் அவருக்கு இடது கை மணிக்கட்டோடு போயிருந்தது. அன்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார், போலீசுக்குப் போகாதே என்று சொல்ல வந்தவர் எந்தக் கட்சி என்று மேடம் கேட்டிருந்தார். அந்த மனிதர் சங்கு வந்த திசையைப் பார்ப்பதும் மேடத்தின் முகத்தைப் பார்ப்பதுமாகத் தவித்தார். நான் மேடத்தின் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"பதில் வரட்டும், மாஸ்டாரு" என்றார்.

கடைசியில் அந்தத் தொழிலாளியே ஒற்றைக் கையால் அவரைத் தூக்கி நிறுத்தி இழுத்துக்கொண்டு ஓடினார். ஓடிக்கொண்டே பதிலையும் சொன்னார். வந்தவர்கள் இரண்டு கட்சிக்காரர்களும்தானாம். ஒரே வண்டியில் வந்தார்களாம். நாங்கள் ஒரு டிப்பர் லாரிக்குப் பின்னால் போய் விழுந்ததும் பாறை வெடித்தது. பறந்து வந்த ஒரு கல் எங்கள் வாடகைக் காரின் முன்கண்ணாடியைப் பிளந்துகொண்டு போய் டிரைவர் சீட்டில் இறங்கியது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தார். ஊர் திரும்பியதும் அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு, இனி அந்த அம்மா வந்தால் நான் வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

மேடம் திருப்பதியில் அரசியல் துறைப் பேராசிரியராக இருந்தார். கோதாவரிப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம், கனத்த உடம்பு, இரண்டு முழங்காலிலும் வலி. கைப்பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். உரித்த தோலைக் கீழே போடமாட்டார், பையிலேயே போட்டுக்கொள்வார். அதனால் பேனா கேட்டாலும் சில்லறை கேட்டாலும் தோலும் சேர்ந்து வரும். வண்டியில் ஏறினால் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். இறங்கினால் உட்காருவார். நாற்காலி போட்டாலும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கேள்வி கேட்கவேண்டிய ஆளின் முன்னால் தரையில் சம்மணம் போட்டுவிடுவார். "கூர்ச்சுந்தாம்" என்பார். உட்காருவோம் என்று தெலுங்கில் அர்த்தம். பதில் கிடைத்த பிறகுதான் எழுந்திருப்பார். எழுந்திருக்கவும் யாராவது கை கொடுக்கவேண்டும்.

நான் நகரிக்காரன். வீட்டில் தறி. பொருளாதாரம் படித்துவிட்டு ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரு மாநில எல்லையை ஒட்டிய மண்டலங்களில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். மேடத்தின் தமிழ் அரைகுறை. அதற்காகத்தான் என்னைத் தன் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்.

ஆய்வின் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லலாம். மண்ணுக்கடியில் செல்வம் இருக்கும் ஊர்களில், ஆளும் கட்சி மாறினால் அந்தச் செல்வம் போகும் வழியும் மாறுமா? ஊருக்கு அதில் ஏதாவது மிஞ்சுமா? கல்லுக்குக் குடுபல்லிப் பக்கத்தையும் மணலுக்கு விஜயபுரம் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடவேண்டும். இப்படிப்பட்ட ஆய்வுகளில் ரோடு வந்ததா, பள்ளிக்கூடம் வந்ததா, தண்ணீர் வந்ததா என்று கேட்பது வழக்கம். நானும் அப்படித்தான் கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன். மேடம் படித்துவிட்டு, எல்லாம் சரி, ஆனால் முதல் கேள்வியை விட்டுவிட்டீர்களே என்றார். இந்த ஊரில் யாரை அடித்தார்கள், யார் அடித்தார்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ரோடு யார் போட்டது என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள், இதைச் சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள், அதனால் இதில்தான் விஷயம் இருக்கிறது என்றார்.

விஜயபுரம் பக்கத்து ஆற்றில் மணல் அள்ள ஏலம் விடும் இடத்தை ரீச் என்பார்கள். ஏலம் எடுத்தவர் பெயர் பலகையில் ஒன்றாக இருக்கும், நடத்துகிறவர் வேறொருவராக இருப்பார். நாங்கள் போனபோது நடத்திக்கொண்டிருந்தவரை ஊரில் மணல்காரர் என்றே சொல்வார்கள். தோளில் ஆளும் கட்சித் துண்டு. ஆற்றில் வரிசையாக டிராக்டர்கள். ஜேசிபி தோண்டிய பள்ளங்களில் பச்சைத் தண்ணீர். மேடம் இறங்கிப் போய் முதல் டிராக்டருக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தார். வரிசை நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மணல்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

எழுந்திரு என்றார். போன ஆட்சியில் இந்த ஆற்றை நடத்தியது யார் என்று மேடம் கேட்டார். மணல்காரர் குனிந்து அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். கண்ணாடி பறந்து மணலில் விழுந்தது. மேடம் கையால் துழாவி எடுத்து, புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். இன்னொரு அறை. உதடு கிழிந்து ரத்தம் முகவாயில் வழிந்தது. நான் குறுக்கே போனேன். பக்கத்தில் நின்றவன் இரும்புக் கம்பியால் என் வயிற்றில் குத்தினான். மூச்சு நின்றுபோய் மண்டியிட்டேன். அந்த நிலையிலும் மேடத்தின் குரல் கேட்டது. அதே கேள்வி, அதே சத்தத்தில்.

மணல்காரர் சுற்றி நின்ற டிரைவர்களைப் பார்த்தார். அவர்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான்தான்" என்றார் தெலுங்கில். "போன ஆட்சியிலும் நான்தான். துண்டுதான் வேறே. போதுமா?"

மேடம் எழுந்திருக்கக் கையை நீட்டினார். ஏன் செய்தாரோ, மணல்காரர் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

இதையெல்லாம் கரையில் நின்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஏழுமலை என்று சொல்லிக்கொள்கிறேன். கரையை ஒட்டிக் கொஞ்சம் நிலம். நெல்லும் வேர்க்கடலையும் வைப்பார். நாங்கள் மேலே ஏறி வந்ததும் மேடத்துக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது.

"அந்தாளு பாதிதான் சொல்லிக்கினு போறான், மேடம். மீதிய நான் சொல்றேன்" என்றார்.

அவர் வீட்டில் வைத்துச் சொன்னார். ஆற்றின் வயிற்றைத் தோண்டியதில் தன் கிணறு வற்றியதைச் சொன்னார். மனு கொடுத்த ஒருவரை எலும்பு முறிய அடித்ததையும், அடித்தவர்கள் பெயர்களையும் சொன்னார். மணல்காரருக்கு மேலே யார் என்று மட்டும் தனக்குத் தெரியாது என்றார். அவருடைய மனைவி தேசம்மா சமையல்கட்டு வாசலில் நின்றபடி, போதும் என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

அந்த வாரமே வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தபோது பட்டப்பகலில் பைக்கில் ஆட்கள் வந்தார்கள். ஏழுமலையைக் கீழே தள்ளி, வலது கையை வரப்புக் கல்லின் மேல் நீட்டிவைத்துக் கடப்பாரையால் அடித்தார்கள். ஓர் அடியில் முழங்கைக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. நிறுத்தாமல் கையிலும் தாடையிலும் மேலும் அடித்தார்கள். வாய் பேசினதற்குக் கை என்று ஒருவன் சொன்னானாம். தேசம்மா மண்வெட்டியோடு ஓடிவந்து, கிடைத்தவன் தலையில் போட்டார். அவன் காது அறுந்து தொங்கியது. அவனைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் ஓடிப்போனார்கள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஏழுமலையின் தாடையையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மேடம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் தேசம்மாவுக்கு என்ன ஆயிற்றோ, கையில் இருந்த எவர்சில்வர் சொம்பால் மேடத்தின் தலையில் அடித்தார். மயிரைப் பிடித்து இழுத்தார். முகத்தில் நகம் பட்டுக் கீறியது. நர்சுகள் ஓடிவந்தார்கள். மேடம் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"நீ கேட்டுட்டுப் பூட்ட. அவரு பதில் சொல்லிட்டுப் படுத்துக்கினு கீறாரு" என்றார் தேசம்மா.

மேடம் கலைந்த மயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். ஏழுமலையின் பக்கம் திரும்பி, "எவரு கொட்டாரு?" என்றார். யார் அடித்தது? பதற்றத்தில் அவருக்குத் தெலுங்குதான் வந்தது. எனக்கு அப்போது அவர் மேல் வந்த வெறுப்பை மறைக்க விருப்பமில்லை. கட்டுப்போட்ட தாடையோடு கிடக்கும் மனிதனிடம் கேட்கிற கேள்வியா அது? ஏழுமலை வாயை அசைக்க முயன்றார். கண்ணில் நீர் வழிந்தது.

தேசம்மா மேடத்துக்கு முன்னால் தரையில் இடிந்து உட்கார்ந்தார். "கேக்காதம்மா. கேட்டா சொல்லிடுவாரு. அந்த மனுசனுக்கு வாய் நிக்காது. நான் சொல்றேன், என்னைக் கேளு."

தேசம்மாவைக் கூட்டிக்கொண்டு மேடம் அன்று ஸ்டேஷனுக்குப் போனார். போனவர்கள் சாயங்காலம்வரை அங்கே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் போலீசார் புகாரை வாங்கிக்கொண்டார்கள். தேசம்மா சொல்லியும், அடித்தவர்கள் அடையாளம் தெரியாத ஆட்கள் என்றே எழுதினார்கள்.

திரும்பும் வழியில் புத்தூருக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, மேடம் கன்னத்துக் கீறலைக் கழுவிக்கொண்டார். நான் கோபத்தோடு கேட்டேன். ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார், ஒரு நாளாவது இந்த உட்காருவதை விடக்கூடாதா, எதற்கு இந்த வீராப்பு என்று. மேடம் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார்.

"வீராப்பு இல்ல, மாஸ்டாரு. நின்னா என் கால் ஓடும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். எங்கே சத்தம் வந்தாலும் முதல்ல ஓடறது நான்தான். இந்த முழங்காலோட உட்கார்ந்துட்டா ஓட முடியாது. அதான்."

அறை வாங்கும்போதும் வெடிச் சங்கு ஊதும்போதும் அவர் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் உட்காரும்போதெல்லாம் கையைக் கவனித்தேன். நடுக்கம் தெரியாமல் இருக்கப் புடவைத் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொள்வார். விரல் நுனி வெளுத்துப்போகும்.

தேர்தல் வந்தது. ஆளும் கட்சி தோற்றது. ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் காலையில், ஜெயித்த கட்சி ஆட்கள் மணல்காரரின் இடத்துக்குள் புகுந்து டிராக்டர்களையும் ஜேசிபியையும் கொளுத்தினார்கள். மணல்காரரை ஆற்றுக்குள் துரத்திக்கொண்டுபோய் வெட்டினார்கள். தலையில் இரண்டு, தோளில் ஒன்று. செத்துவிட்டார் என்று விட்டுப்போனார்கள். சாகவில்லை. ஏர்பேடு பக்கத்தில் தங்கை வீட்டில் ஒளிந்திருக்கிறார் என்று தெரிந்ததும், போகலாம் என்றார் மேடம்.

மணல்காரர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். மொட்டைத் தலையில் தையல். கட்டிலுக்கு அருகில் மேடம் தரையில் உட்கார்ந்ததும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மேடம் கேட்டார். யார் வெட்டியது? தங்கை சோறு போட்டார். நாங்கள் சாப்பிட்டோம். மேடம் மறுபடி கேட்டார். வெயில் சாய்ந்த பிறகு மணல்காரர் திரும்பிப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. அந்தப் பேர் எனக்கு வேணும், உன்கிட்ட குடுத்துட்டா அது தீர்ந்துபோயிடும் என்றார். எங்கள் ஆட்சி திரும்ப வரட்டும், அப்போது அந்தப் பேருக்குச் செய்யவேண்டியதை நானே செய்கிறேன் என்றார். மேடம் கை நீட்டினார். தங்கை தூக்கிவிட்டார். பதில் இல்லாமல் மேடம் எழுந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வண்டியில் அவர் அன்று தூங்கவில்லை. கல்லை எடுக்கப் பெரிய இயந்திரம் வேண்டும், குத்தகை வேண்டும், முதல் போடுகிற ஆள் வேண்டும் என்றார். அப்படிப்பட்டவர் இரண்டு கட்சிக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். அதனால் ஆட்சி மாறினாலும் அங்கே சத்தம் வராது. அடிபடுவது எப்போதும் கூலிக்காரர்தான். மணலுக்கு ஒரு டிராக்டரும் நாலு ஆளும் போதும். அதனால் யார் வேண்டுமானாலும் ஆசைப்படலாம், ஆட்சி மாறும்போதெல்லாம் ஊரே வெட்டிக்கொள்ளும். கட்சியைவிட, கிடைக்கிற பொருள்தான் யாருக்கு எப்படி அடி விழும் என்பதை முடிவுசெய்கிறது. ஆய்வின் முடிவு கிட்டத்தட்ட இதுதான் என்று நான் சந்தோஷப்பட்டேன். மேடத்துக்குத் திருப்தி இல்லை. "மணலுக்கும் மேல ஒருத்தன் இருப்பான். நமக்கு இன்னும் தெரியல" என்றார்.

மழைக்காலம் முடிந்து ஆற்றில் மறுபடி மணல் அள்ளத் தொடங்கினார்கள். போய்ப் பார்த்தோம். டிராக்டர் வரிசையின் முன்னால் விசில் வைத்துக்கொண்டு நின்றவர் ஏழுமலை. தோளில் புதிய ஆளும் கட்சித் துண்டு. வலது கை காய்ந்த கொம்பு மாதிரி மடங்கித் தொங்கியது. இடது கையால் வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் அவரே வந்து பேசினார். கிணற்றில் தண்ணீர் இல்லை, நிலத்தில் ஒன்றும் விளையாது, விளைந்தாலும் பிடுங்கக் கை இல்லை என்றார். பழைய கட்சியால் அடிபட்டவன் என்பதால் புதியவர்கள் தேடிவந்து கூப்பிட்டார்களாம். "கைய ஒடைச்சது அவுங்க. அந்தக் கைக்கு வேல குடுத்தது இவுங்க. நான் இன்னா பண்ணட்டும், மேடம்?"

மேடம் அவரைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரிசைக்கு முன்னால் போய் மணலில் உட்கார்ந்தார். தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார்.

"ஏழுமலை காரு, உங்களுக்கு மேல யாரு?" என்று தெலுங்கு மரியாதை சேர்த்துக் கேட்டார்.

"வாணாம், மேடம். எய்ந்துரு."

"யாரு?"

டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஏழுமலை கெஞ்சினார். என்னிடம் வந்து, சார், நீயாவது சொல்லு என்றார். நான் சொன்னேன். மேடம் அசையவில்லை. அப்போது ஏழுமலையின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த கெஞ்சல் போய்விட்டது. போனைப் பையில் போட்டுவிட்டு, முதல் டிராக்டர் டிரைவரைப் பார்த்து இடது கையை வீசினார். டிரைவர் தயங்கினான். ஓட்டுடா என்று கத்தினார்.

பயமுறுத்தினால் எழுந்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்திருக்கவேண்டும். மேடமும் எழத்தான் பார்த்தார். கையை ஊன்றினார். முழங்கால் நிமிரவில்லை. என் பக்கம் கையை நீட்டினார். நான் ஓடுவதற்குள் முன்சக்கரம் அவருடைய இடது காலில் ஏறி இறங்கியது. பச்சை மூங்கில் பிளக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர் அலறினார். அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

முதலில் ஓடிவந்து அவர் மேல் விழுந்தவர் ஏழுமலைதான். எழுந்து, டிரைவரைக் கீழே இழுத்துப்போட்டு, இருக்கிற ஒரு கையால் அவன் முகத்தில் குத்தினார். அவன் பல் உடையும்வரை குத்தினார். நாங்கள் மேடத்தை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மணலில் ரத்தம் நிற்கவே இல்லை, உடனுக்குடன் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

திருப்பதியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து இரண்டொரு நாளில் எஸ்.ஐ. வந்தார். மேடம் நடந்ததைச் சொன்னார். ஓட்டியது டிரைவர், ஓட்டச் சொன்னது ஏழுமலை, ஏழுமலைக்குப் போனில் சொன்னது இன்னொருவர் என்றார். எஸ்.ஐ. முதல் இரண்டு பெயரை எழுதிக்கொண்டு கையெழுத்துக்கு நீட்டினார். மூன்றாவது ஆளைக் கண்டுபிடித்து எழுதுங்கள், அப்புறம் கையெழுத்து என்றார் மேடம். எஸ்.ஐ. பொறுமையாகத்தான் பேசினார். இருக்கிற இரண்டு பேரைப் பிடித்து உள்ளே போட்டால் உங்களுக்கு நியாயம் கிடைத்துவிடும் என்றார். கையில்லாதவன் ஒருத்தன், பல்லில்லாதவன் ஒருத்தன், இவர்களைப் பிடித்தால் யாருக்கு நியாயம் என்று மேடம் கேட்டார். எஸ்.ஐ. காகிதத்தை மடித்துக்கொண்டு போனார். வாசற்படியில் திரும்பி, இது விபத்து என்று முடிந்துவிடும், அம்மா என்றார்.

மறுநாள் தேசம்மா வந்தார். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார். போர்வைக்குள் இடது பக்கம் தட்டையாக இருந்ததைப் பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரரு பேர சொன்னியா?"

"சொன்னேன்" என்றார் மேடம்.

தேசம்மா தலையாட்டினார். "ஆனா கையெழுத்து போடலயாமே."

"அவர் பேரோட நிறுத்தப் பார்த்தாங்க. அதனால போடல."

தேசம்மா வெளியே போய் ஏழுமலையைக் கூட்டிவந்தார். அவர் தோளில் துண்டு இல்லை. நெற்றியில் புதிதாக ஒரு வீக்கம். அது யார் அடித்தது என்று மேடம் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது, தேசம்மாவின் வளையல் உடைந்து மணிக்கட்டில் கிழித்திருந்தது. ஏழுமலை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டச் சொன்னது நான்தான் என்றார். அதற்குமேல் பேச்சு வராமல் அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை மேடம் காத்திருந்தார். வலி மருந்தில் கண் சொக்கியது. ஆனாலும் கேட்டார்.

"போன்ல யாரு?"

ஏழுமலை வார்டைச் சுற்றிப் பார்த்தார். எல்லாக் கட்டிலும் நிறைந்திருந்தது. பிறகு, ஒளிக்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஆற்றின் பங்கு இரண்டு பேருக்குப் போகிறது. ஒருவர் இந்தக் கட்சி, ஒருவர் அந்தக் கட்சி. ஆட்சியில் இருப்பவருக்குப் பெரிய பங்கு, இல்லாதவருக்குச் சின்னப் பங்கு. கீழே கொளுத்துவதும் வெட்டுவதும் அவர்களுக்குச் சம்மதமான விஷயம்தான். அன்று போனில் பேசியவர் தோற்ற கட்சிக்காரர்.

"டிராக்டரு ஏறின அன்னிக்கு என்னை வரச் சொன்னாங்க, மேடம். போனேன். ரெண்டு பேரும் ஒரே சோபாவுல ஒக்காந்துக்கினு காபி குடிச்சிக்கினு இருந்தாங்க. வாயத் தொறக்காதன்னாங்க. சரின்னேன். கிளம்பும்போது அந்தப் போன்காரரு என் கைய இப்டித் தொட்டுப் பாத்தாரு. போன தபா கையோட நிறுத்தச் சொன்னது நான்தான்டா, அடுத்த தபா சொல்லமாட்டேன்னாரு."

ஏழுமலை இரண்டு பெயர்களையும் சொன்னார். முழுப் பெயர், ஊர், பதவி. பக்கத்துக் கட்டில் கிழவர் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார்.

"எஸ்.ஐ. கிட்ட சொல்லுவீங்களா?" என்றார் மேடம்.

ஏழுமலை தேசம்மாவைப் பார்த்தார்.

"சொல்லுவாரு" என்றார் தேசம்மா. "நான் கூடப் போறேன்."

போனார்கள். எஸ்.ஐ. எழுதமாட்டேன் என்றார். மேடத்துக்குத் தெரிந்த ஒரு வக்கீல் கோர்ட்டுக்குப் போன பிறகு எழுதினார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. ஏழுமலையும் குற்றவாளிகளில் ஒருவர், அவரேதான் முதல் சாட்சியும். ஜாமீனில் வந்து அதே வீட்டில் இருக்கிறார். ஒரு தடவை வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள். ஒரு தடவை தேசம்மாவை ரோட்டில் பைக்கால் இடித்துத் தள்ளினார்கள். மேடம் வேலையை விட்டுக் கோதாவரிப் பக்கம் தங்கை வீட்டோடு போய்விட்டார். ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதில் விஜயபுரமும் குடுபல்லியும் ஏ, பி என்ற வெறும் எழுத்துகளாக இருக்கின்றன. அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டு எனக்குப் போன் செய்வார். தேதியைச் சொல்லும்வரை வைக்கமாட்டார்.

நீதிமன்றத்தில் ஏழுமலை இன்னும் கூண்டேறவில்லை. அதுவரை அவர் உயிரோடு இருக்கவேண்டும். அதனால் அந்த இரண்டு பேரின் பெயர்களை இங்கே எழுதவில்லை. ஆற்றின் பெயரை விட்டுவிட்டேன். மேடத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். ஏழுமலை என்பதும் அவருடைய பெயர் இல்லை.